விண்வெளிக்குப் போன சாப்பாடும் எமது கடை இறாக்கையும்

“மாதிரி பார்த்துத்தானே அனுப்பினோம்? அப்போது நன்றாகத்தானே இருந்தது? பிறகு எப்படிப் பழுதானது?”

உணவுப் பொருள் வியாபாரத்தில் இருக்கும் எமது சகோதரர்களில் பலர் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். கடைகளுக்குப் போட்ட அச்சாறுப் போத்தல்கள் மூடி உப்பித் திரும்பி வரும். வெளிநாட்டுக்கு அனுப்பிய கறித்தூள் துறைமுகத்திலேயே நிறுத்தப்படும். கல்யாண வீட்டுக்குக் கொடுத்த சாப்பாட்டால் நாலு பேர் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். பொருளின் பெறுமதி போனால் உழைத்துத் தேடலாம். முப்பது வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர் போனால் திரும்பி வருவது மிகக் கஷ்டம்.

இதே கேள்வி 1959ஆம் ஆண்டளவில் வேறோர் இடத்திலும் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் மனிதனை விண்வெளிக்கு அனுப்பத் தயாராகிக் கொண்டிருந்த அமெரிக்கர்கள். அவர்கள் கண்டுபிடித்த பதில்தான் இன்று உலக உணவு வர்த்தகத்தின் சட்டமாகியுள்ளது. எனவே விண்வெளி உணவின் கதை சிறுவர் பக்கத்துக்குரிய விநோதச் செய்தி மட்டுமல்ல. சம்பல், அச்சாறு, கறித்தூள், கருவாடு, தொதல் என்று எதைப் பொதி செய்து விற்பவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பற்பசைக் குழாயில் சாப்பாடு

1961 ஏப்ரல் 12ஆம் திகதி ரஷ்யரான யூரி ககாரின் பூமியை ஒரு முறை சுற்றி வந்தார். பயணம் முழுவதும் 108 நிமிடங்கள்தான். அந்தக் குறுகிய பயணத்திலும் அவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள். பற்பசைக் குழாய் போன்ற ஒன்றில் அரைத்த இறைச்சிக் கூழ். 1962 பெப்ரவரி 20ஆம் திகதி பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கரான ஜோன் கிளென் அதே போன்ற குழாயிலிருந்து அப்பிள் கூழைப் பிழிந்து சாப்பிட்டார். எடையில்லாத நிலையில் மனிதனால் உணவை விழுங்க முடியுமா என்பதே அன்று சந்தேகமாக இருந்தது. முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் குழாயைப் பிழிந்து கூழ் சாப்பிட யாருக்கும் விருப்பமில்லை.

1965 மார்ச் 23ஆம் திகதி ஜெமினி 3 விண்கலத்தில் சென்ற ஜோன் யங், உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச் ஒன்றைச் சட்டைப் பையில் மறைத்து எடுத்துச் சென்றார். மேலே போய் வெளியே எடுத்தார். உடன் சென்ற கஸ் கிரிஸம் ஒரு கடி கடித்தார். பாண் துகள்கள் பிரிந்து கலத்துக்குள் மிதக்கத் தொடங்கின. உடனே அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். பூமியில் துகள் கீழே விழும், துடைப்பத்தால் கூட்டி அள்ளலாம். அங்கே அது மிதந்து சென்று கருவிகளுக்குள்ளும் போகும், மூக்குக்குள்ளும் போகும். இந்தச் சாண்ட்விச் விவகாரம் அமெரிக்க கொங்கிரஸ் வரை சென்று கேள்வி கேட்கப்பட்டது.

1985இல் மெக்சிகோவின் ரொடொல்போ நெரி வேலா தமது நாட்டு உணவான டோட்டியா ரொட்டியை எடுத்துச் சென்றார். எமது சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டி. துகள் சிந்தாது, உருட்டிப் பிடித்துச் சாப்பிடலாம். அன்று முதல் இன்று வரை அமெரிக்க விண்வெளி வீரர்களின் பாண் அதுதான். உப்பும் மிளகும்கூட அங்கே தூளாகக் கிடையாது. உப்பைத் தண்ணீரில் கரைத்தும், மிளகை எண்ணெயில் கலந்தும் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்.

தண்ணீரை எடு, அல்லது கிருமியைக் கொல்

விண்வெளி உணவுக்கு மூன்று நிபந்தனைகள். எடை குறைய வேண்டும், ஏனெனில் ஒரு கிலோவை மேலே அனுப்ப ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் மாதக் கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். சாப்பிட்டவர் நோயாளியாகக் கூடாது. இதற்கு முக்கியமாக இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். இரண்டுமே இன்று எமது கடைகளில் உள்ளன.

முதலாவது, உறைய வைத்து உலர்த்தல். சமைத்த உணவை நன்கு உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். அந்நிலையில் பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேரடியாக ஆவியாகிப் போய்விடும். வெயிலில் காய வைத்தால் பொருள் சுருங்கும், நிறமும் மணமும் போகும். இம்முறையில் உருவம் அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். சுடுநீர் விட்டால் பழைய நிலைக்கு வரும். இந்த முறை விண்வெளிக்காகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரத்தத் திரவத்தையும் பெனிசிலினையும் பாதுகாக்கப் பயன்பட்டது. இன்று விலை கூடிய உடனடிக் கோப்பியில் உள்ளதும் இதுதான்.

அப்பலோ கலங்களில் மின்சாரம் தயாரிக்கும்போது தண்ணீரும் பக்கவிளைபொருளாகக் கிடைத்தது. எனவே தண்ணீரைச் சாப்பாட்டுக்குள் வைத்துச் சுமந்து செல்வது வீண் செலவு என்று கணக்குப் போட்டார்கள். பொதியின் எடைக்கும் கப்பல் கூலிக்கும் கணக்குப் பார்க்கும் வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பொதிக்குள்ளேயே வைத்துச் சூடாக்கல். அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டிய பையில் உணவை இட்டு, மூடி, அழுத்தத்துடன் 121 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். எமது சாதாரண பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் சாகாத கிருமி வித்துக்கள் சில உண்டு. பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி அத்தகையது. காற்றில்லாத போத்தலும் பேணியும் அதற்கு மிகப் பிடித்த இடம். அழுத்தத்தோடு வரும் கூடிய சூடுதான் அதைக் கொல்லும். இன்று சுப்பர் மார்க்கட்டில் கிடைக்கும், வெட்டியவுடன் சாப்பிடக்கூடிய கறிப் பைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

950 போத்தலைத் திறக்க வேண்டும்

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். விண்வெளியில் ஒருவருக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டால் டொக்டரிடம் ஓட முடியாது. ஆகவே உணவில் கிருமி இல்லை என்பதற்குக் கிட்டத்தட்ட நூறு வீத உத்தரவாதத்தை நாஸா கேட்டது. உணவைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்ற பில்ஸ்பெரி கம்பனியில் கலாநிதி ஹவார்ட் போமன் என்பவர் இதற்குப் பொறுப்பாக இருந்தார். அமெரிக்க இராணுவத்தின் நேட்டிக் ஆய்வுகூடமும் சேர்ந்து பணியாற்றியது.

அன்றைய வழக்கம் எமது வழக்கம்தான். பொருளைச் செய்து முடி, சிலவற்றை எடுத்துப் பரிசோதி, சரியென்றால் அனுப்பு. போமன் குழுவினர் இதைக் கணக்குப் பார்த்தபோது திடுக்கிட்டார்கள். கேட்கப்படும் உத்தரவாதத்தைக் கொடுக்க வேண்டுமானால், தயாரித்ததில் பெரும் பகுதியை உடைத்துப் பரிசோதிக்க வேண்டும். விண்வெளிக்கு அனுப்ப மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

நாமும் கணக்குப் பார்ப்போம். நூறு போத்தல் அச்சாறு போடுகிறீர்கள். அதில் ஒன்று பழுது. எது என்று தெரியாது. பத்துப் போத்தலைத் திறந்து பார்க்கிறீர்கள். பழுதான போத்தல் உங்கள் கையில் அகப்படாமல் போக 90 வீத வாய்ப்பு உண்டு. ஆயிரத்தில் ஒன்று பழுது என்றால், அதை 95 வீத நிச்சயத்தோடு பிடிக்க 950 போத்தலைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் விற்க என்ன இருக்கும்? “மாதிரி பார்த்துத்தானே அனுப்பினோம்” என்ற பேச்சுக்கு இதுதான் பதில். மாதிரி நல்லதாக இருந்தது உண்மை. மிச்சம் நல்லதாக இருக்கும் என்பதற்கு அது அத்தாட்சியல்ல.

1971இல் அமெரிக்காவில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. பொன் விவாண்ட் என்ற சூப் கம்பனியின் பேணியொன்றைச் சாப்பிட்ட ஒருவர் பொட்டுலிசத்தால் மரணித்தார். அந்தத் தொகுதியிலிருந்து பரிசோதிக்கப்பட்ட 324 பேணிகளில் 5இல் மாத்திரமே நஞ்சு இருந்தது. மற்றவை நல்லவை. ஆனால் அந்த ஐந்து போதுமாயிருந்தது. செய்தி வெளியாகி ஒரு மாதத்துக்குள் கம்பனி வங்குரோத்தாகியது.

ஹசப் பிறந்தது இப்படித்தான்

எனவே போமன் குழுவினர் கேள்வியையே மாற்றினார்கள். “பொருள் பழுதாகிவிட்டதா?” என்று கடைசியில் கேட்பதை விட்டு, “எந்த இடத்தில், எப்படிப் பழுதாகக்கூடும்?” என்று முதலில் கேட்டார்கள். மூலப்பொருள் வாசலுக்கு வருவதிலிருந்து பொதி வெளியே போகும் வரை ஒவ்வொரு படியையும் எழுதினார்கள். எந்தப் படியில் கவனம் தவறினால் பிறகு திருத்தவே முடியாதோ, அந்தப் படியைப் பிடித்துக் காவல் வைத்தார்கள்.

இதற்குத்தான் எச்.ஏ.சி.சி.பி. என்று பெயர். வழக்கில் ‘ஹசப்’ என்பார்கள். அபாயங்களைப் பகுத்தாய்ந்து, தீர்க்கமான இடங்களில் கட்டுப்படுத்தல் என்பது இதன் பொருள். 1971இல் இது பகிரங்கமாக முன்வைக்கப்பட்டது. 1973இல் அமெரிக்கா தனது பேணி உணவுச் சட்டத்தில் இதன் கருத்தைச் சேர்த்தது. சர்வதேச உணவு நியம அமைப்பான கோடெக்ஸ் 1993இல் இதை ஏற்றுக்கொண்டது. 1997 டிசம்பர் முதல் அமெரிக்காவுக்கு வரும் கடலுணவுக்கு இது கட்டாயம். 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் உணவு வர்த்தகர்களிடம் இந்த அடிப்படையிலான நடைமுறையைச் சட்டப்படி கேட்கிறது. எமது மீன் ஏற்றுமதியாளர்களுக்கு இந்தப் பெயர் நன்கு பழக்கம்.

உண்மையில் இந்த யோசனை எமக்குப் புதிதுமல்ல. 1960ஆம் ஆண்டளவில் எமது நாட்டிலிருந்து பிரித்தானியாவுக்குப் போன உலர் தேங்காய்த் துருவலில் சல்மொனெல்லா கிருமி கண்டறியப்பட்டது. ஏற்றுமதிக்கே ஆபத்து என்ற நிலையில், துருவலைச் சோதித்துக்கொண்டிருப்பதால் மட்டும் பயனில்லை என்று கண்டார்கள். துருவுவதற்கு முன் தேங்காய்ச் சொட்டுகளைச் சுடுநீரில் போட்டெடுக்கும் படி ஒன்று ஆலைகளில் சேர்க்கப்பட்டது. சரியான இடத்தில் ஒரு காவல். ஹசப் சொல்வதும் அதுவே.

அச்சாறுப் போத்தலில் ஏழு படிகள்

ஹசப் முறைக்கு ஏழு படிகள். வீட்டில் நான்கு பேரை வைத்து மலே அச்சாறு போட்டு விற்கும் ஒரு சகோதரரை மனதில் வைத்து அவற்றைப் பார்ப்போம்.

ஒன்று, அபாயங்களைப் பட்டியலிடுதல். சின்ன வெங்காயத்தில் மண், பச்சை மிளகாயில் மருந்து, பேரீச்சம்பழத்தில் கொட்டைத் துண்டு, உடைந்த போத்தலின் கண்ணாடிச் சில்லு, மூடிய போத்தலுக்குள் வளரும் கிருமி. ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

இரண்டு, தீர்க்கமான இடத்தைக் கண்டுபிடித்தல். மண்ணைக் கழுவலாம். ஆனால் அச்சாற்றின் உயிர் வினாகிரியில் இருக்கிறது. புளிப்பு போதாவிட்டால் கிருமியைத் தடுக்கப் பிறகு எதுவுமில்லை. ஆகவே வினாகிரி சேரும் படியே முக்கிய காவல் இடம்.

மூன்று, எல்லையை இலக்கத்தில் வைத்தல். “புளிப்பாக இருக்கிறது” என்பது எல்லையல்ல. புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசக் கிருமி வளராது. இலக்கம் குறையக் குறையப் புளிப்புக் கூடும். எல்லையின் ஓரத்தில் நிற்காமல் 4.0 என்று தமக்கொரு எல்லை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்கு, கண்காணித்தல். ஒவ்வொரு தொகுதியிலும் வினாகிரி உள்ளே ஊறிய பின்னர் பி.எச். மானியால் அளக்க வேண்டும். யார் அளப்பது, எப்போது அளப்பது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து, தவறினால் என்ன செய்வது. அளவு கூடியிருந்தால் அந்தத் தொகுதி கடைக்குப் போகாது. வினாகிரி சேர்த்து, மீண்டும் சூடாக்கி, மீண்டும் அளக்க வேண்டும். இதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பெருநாளைக்கு முந்திய வாரம், ஓடருக்கு லொறி வாசலில் நிற்கும்போது தீர்மானிக்கப் போனால் மனம் சறுக்கும்.

ஆறு, முறை சரியாக நடக்கிறதா என்று சரிபார்த்தல். மானி சரியாகக் காட்டுகிறதா? ஆய்வுகூடத்துக்கு இடைக்கிடை ஒரு போத்தலை அனுப்பிப் பார்த்தோமா? கடைசிப் பரிசோதனைக்கு உரிய இடம் இங்கேதான். அது முறைக்குத் துணை, முறைக்குப் பதிலல்ல.

ஏழு, எழுதி வைத்தல். திகதி, தொகுதி இலக்கம், அளவு, அளந்தவரின் கையெழுத்து. ஒரு போத்தலில் பிரச்சினை வந்தால் அந்த இலக்கத்தை மட்டும் திருப்பி எடுக்கலாம். இலக்கம் இல்லாவிட்டால் சந்தையிலுள்ள எல்லாப் போத்தலையும் எடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பெக்டரி தேவையில்லை. ஒரு பி.எச். மானி, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி போதும். ஆனால் சமையலிடம் கழுவப்படாமல், ஊழியரின் நகம் வெட்டப்படாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் ஹசப் பேசுவதில் அர்த்தமில்லை. அந்த அடிப்படைச் சுத்தம் முதலில் வர வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மீன் பேணி

இது சிறியவர்களுக்கு எட்டாத விடயமல்ல என்பதற்கு ஜப்பானில் ஓர் அழகான உதாரணம் உண்டு. புகுயி மாகாணத்தின் ஒபாமா என்ற கரையோர நகரில் மீன்பிடித் தொழில் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலையொன்று இருந்தது. அங்கே மாணவர்கள் கானாங்கெளுத்தி மீனைப் பேணியில் அடைத்தார்கள். 2006இல் அந்தக் கூடத்துக்கு ஹசப் அங்கீகாரம் கிடைத்தது. ஹசப் விண்வெளி உணவுக்காகப் பிறந்த முறை என்று வகுப்பில் கேட்ட மாணவர்கள், “அப்படியானால் எமது பேணியும் விண்வெளிக்குப் போகலாமே” என்றார்கள்.

அந்தப் பேச்சை ஆசிரியர்கள் தட்டிவிடவில்லை. ஒரு வகுப்பு வெளியேற அடுத்த வகுப்பு தொடர்ந்தது. பாடசாலையே வகாசா உயர்தரப் பாடசாலையுடன் இணைக்கப்பட்ட பின்னரும் முயற்சி நிற்கவில்லை. சாறு மிதந்து சிதறாமல் இருக்க அதைக் கிழங்கு மாவால் தடிப்பாக்கினார்கள். 2018இல் ஜப்பான் விண்வெளி நிறுவனம் அதை அங்கீகரித்தது. 2020இல் விண்வெளி வீரர் சொய்ச்சி நொகுச்சி சர்வதேச விண்வெளி நிலையத்தில் அதைத் திறந்து சாப்பிட்டார். முதலில் கேட்ட மாணவர்கள் அதற்குள் குடும்பஸ்தர்களாகியிருப்பார்கள். பதினான்கு வருடம் கொப்பியில் எழுதிய குறிப்புகள்தான் அவர்களின் மூலதனம்.

ஹலாலும் தையிபும்

விண்வெளியில் முஸ்லிமின் சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. 1985 ஜூனில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் விண்வெளி சென்ற முதல் முஸ்லிமானார். 2007 ஒக்டோபர் 10ஆம் திகதி மலேசியாவின் டொக்டர் ஷெய்க் முஸபர் ஷுகூர் சென்றபோது அது றமழான் மாதம். விண்வெளி நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கும். நோன்பும் தொழுகையும் எப்படி? மலேசிய உலமாக்கள் கூடி வழிகாட்டி நூலொன்றையே வெளியிட்டார்கள். புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கணக்கில் எடுக்கலாம், நோன்பைத் திரும்பி வந்து களாச் செய்யவும் அனுமதியுண்டு என்றார்கள். ஷவ்வால் பிறந்ததும் அவர் தம்மோடு எடுத்துச் சென்ற சாத்தேயையும் பிஸ்கட்டையும் உடனிருந்த வீரர்களுக்குப் பெருநாள் விருந்தாகக் கொடுத்தார். 2019இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஹஸ்ஸா அல் மன்சூரியும் தமது நாட்டு உணவுகளை எடுத்துச் சென்று விருந்தளித்தார்.

ஹலால் என்று மட்டும் சொல்லாமல் ஹலால், தையிப் என இரண்டையும் அல்குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. தையிப் என்றால் நல்லது, தூய்மையானது. எமது வியாபாரத்தில் முதலாவது சொல்லுக்கு நாம் காட்டும் கவனத்தை இரண்டாவதுக்கும் காட்டுகிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது. அறுத்த முறை சரி, சேர்மானமும் சரி. ஆனால் அந்த இறைச்சி மூன்று மணித்தியாலம் வெயிலில் கிடந்து வந்திருந்தால்? வாங்குபவர் எமது தொப்பியையும் தாடியையும் நம்பி, பிள்ளைக்கு ஊட்டுகிறார். அது அமானிதம். விண்வெளி வீரருக்குக் கொடுத்த உத்தரவாதத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதென்று சொல்ல எமக்கு நியாயமில்லை.

எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் பொருள் எந்தெந்தப் படிகளைத் தாண்டுகிறதென்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலை செய்யும் ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதலாளிக்குத் தெரியாத பல விடயங்கள் அவர்களுக்குத் தெரியும். அடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கம் கொடுத்து லேபலில் அச்சிடுங்கள். பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகர் வரும்போது மட்டும் ஒழுங்குபடுத்தாமல், நீங்களே அவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேளுங்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை வழங்கும் இலங்கை தரக் கட்டளைகள் நிறுவனம் ஹசப் சான்றிதழும் வழங்குகிறது. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உணவுப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சான்றிதழுக்காக மாத்திரம் கொப்பியை ஒரே இரவில் நிரப்புபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஒரே பேனையால், ஒரே கையெழுத்தால் முப்பது நாளுக்கும் ஒரே இலக்கம் எழுதியிருப்பதை அனுபவமுள்ள பரிசோதகர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். அவர் காணாவிட்டாலும் போத்தல் காட்டிக்கொடுத்துவிடும். தவறிய நாளைத் தவறியது என்று எழுதுங்கள். என்ன செய்து சரிப்படுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டுக் கொள்வனவாளர் நம்புவது அப்படிப்பட்ட கொப்பியைத்தான்.

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதனை அனுப்ப ஐந்து வருடம் கெடாத உணவைத் தேடுகிறார்கள் நாஸா விஞ்ஞானிகள். அது அவர்கள் பாடு. எமது பொருள் மூன்று மாதம் கெடாதென்று லேபலில் எழுதியிருந்தால், அந்த மூன்று மாதமும் அது கெடாமல் இருக்க வேண்டும். அதற்கான கொப்பியின் முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.